பாம்பு பிடிப்பது இரத்தத்தில் இருக்கிறதா?

சென்ற மாதம் திருக்கழுக்குன்றத்திற்கு அடுத்த ஒரு கிராமத்தில் நமது தோழர்கள் கூட்டிய தெருமுனைக் கூட்டத்தில் மனிதன் தோன்றிய விதத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வரை பேசினோம். மனிதன் முகத்திலும் தோளிலும் தொடையிலும் காலிலும் பிறந்தவனல்லன் என்றும், மற்ற ஜீவன்களைப் போலவே படிப்படியாய் மாறி வந்தவன் என்றும், டார்வின் 1859லும் 1871லும் வெளியிட்ட இரண்டு புத்தகங்கள் இதை உலகத்திற்கு எடுத்துக்காட்டின என்றும் சொன்னோம். ஜனங்கள் அமைதியாகவே கேட்டார்கள். முடிவில், கைதட்டலின் உற்சாகத்தில், "இதோ நமது இருளத் தோழர்கள் வந்திருக்கிறார்கள். பாம்பு பிடிப்பது இவர்களுடைய இரத்தத்திலேயே ஊறியது. இதுவும் பரிணாமத்தின் வேலைதான்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டோம். புகழ்ச்சியாகத்தான் சொன்னோம்.

கூட்டம் கலைந்ததும் படித்த இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். நமது கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவர், கோவிலுக்குப் போகாதவர். "நீங்கள் சொன்னது மெத்தச் சரி. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓர் இருளப் பையன் மூன்று மாதமாய் வரவேயில்லை. வாத்தியாரும் 'அவன் இரத்தம் புற்றுக்கும் வயலுக்கும் இழுக்கிறது, அவனைப் பெஞ்சியில் உட்கார வைத்து என்ன பலன்?' என்றுதான் சொல்கிறார். விஞ்ஞானமும் அதையே சொல்வதால் இனி அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை" என்றார்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மணி நேரம் மனுவைத் திட்டிவிட்டு, கடைசி ஒரு நிமிஷத்தில் அந்த மனுவையே டார்வின் வேஷத்தில் மேடையேற்றிவிட்டோம் என்பது அப்பொழுதுதான் விளங்கியது.

பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், பக்கத்தில் நின்றிருந்த இருளப் பெரியவர் ஒருவர் "சாமி" என்று ஆரம்பித்தார். "சாமி வேண்டாம், தோழரே என்று சொல்லுங்கள்" என்றோம். சிரித்துக்கொண்டு சொன்னார்: "எட்டு வயசிலே எங்கப்பன் பின்னாலே நடக்க ஆரம்பிச்சேன். மண்ணுலே கோடு பாத்து எந்தப் பாம்பு, எப்பப் போச்சு, எந்தப் பக்கம் போச்சுன்னு கேப்பாரு. தப்பாச் சொன்னா தலையிலே குட்டுவாரு. இரத்தத்திலேயே இருந்திருந்தா அந்தக் குட்டெல்லாம் நான் எதுக்கு வாங்கணும்? நீங்க சொன்ன அந்தப் பையன் என் பேரன்தான். பாம்பைக் கண்டா மரத்து மேலே ஏறிடுவான். அவன் அப்பன் செங்கல் சூளையிலே முன்பணம் வாங்கிட்டான். குடும்பத்தோடே போக வேண்டியதாப் போச்சு. இதுலே இரத்தம் எங்கே வந்துச்சு?"

இந்தக் கட்டுரை அந்தப் பெரியவருடைய கேள்விக்கு நாம் சொல்லக் கடமைப்பட்ட பதிலாகும். நம்மைப் போலவே தப்பாகப் பேசக்கூடிய மற்றத் தோழர்களுக்கும் இது ஓர் எச்சரிக்கையாக இருக்கட்டும்.

முதலாவதாக, பரிணாமக் கொள்கையின் மேன்மையில் நமக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. 2018இல் ஒரு மத்திய மந்திரி, குரங்கு மனிதனானதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, ஆகையால் டார்வின் கொள்கை தப்பு என்று பேசினார். 2023இல் மத்திய அரசின் பாடப் புத்தகக் குழு பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடத்தையே எடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதை எதிர்த்து எழுதினார்கள். யாரும் பார்க்கவில்லை என்பவர்களுக்கு நாம் வெகுதூரம் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. இன்று நமது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ந் தேதி இராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப ஆராய்ச்சிக்காரர் ஆதி மனிதன் செதுக்கிய கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்ந்திருந்து இப்போது திருவள்ளூர் ஜில்லாவிலிருக்கும் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் கோடரிகளின் வயது ஏறக்குறைய 15 லட்சம் வருஷம் என்று 2011இல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. நமது மனித இனத்திற்கே இதுவரை தெரிந்த மிகப் பழைய எலும்புகள் சுமார் 3 லட்சம் வருஷத்தவைதான். அப்படியானால் அந்தக் கோடரியைச் செதுக்கிய கை நமக்கு முந்திய, முழுவதும் நம்மைப் போலிராத ஒரு மனிதனுடைய கை. எந்தப் புராணத்தின் எந்த யுகத்தில் இதைச் சேர்ப்பது என்று கேட்கின்றோம்.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று சொல்வதும் சரியல்ல. இன்றைய சிம்பன்ஸியும் நாமும் சுமார் 60, 70 லட்சம் வருஷங்களுக்கு முன்னிருந்த ஒரே முன்னோரின் வழி வந்த பங்காளிகள் என்பதே கொள்கை. இந்த உறவை மாமல்லபுரத்துக் கல் தச்சன் கண்ணால் பார்த்தே உணர்ந்திருக்க வேண்டும். அங்கே ஒரு கல்லில் குரங்குக் குடும்பம் ஒன்றிருக்கிறது. குட்டி தாயிடம் பால் குடிக்க, பின்னாலிருக்கும் குரங்கு அந்தத் தாய்க்குப் பேன் பார்க்கிறது. அதைப் பார்க்கும் எந்தத் தாய்க்கும் தன் வீட்டுத் திண்ணை ஞாபகம் வராமல் இருக்காது.

ஆகவே மனிதனுடைய உடல் மாத்திரமல்லாமல் அவனுடைய பயமும் பசியும் பாசமும்கூட நீண்ட காலத்தில் உருவானவையே என்பதை ஒப்புக்கொள்கின்றோம். தேனும் கனியும் அரிதாயிருந்த காலத்தில் தித்திப்பை விரும்பித் தேடினவன் பிழைத்தான். அந்த நாக்கு தெருவுக்கு ஒரு மிட்டாய்க் கடையுள்ள காலத்திலும் மாறவில்லை என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். இது சர்க்கரை வியாதிக்காரனுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள உதவுகிறது. பூர்வ ஜன்ம பாவத்தால் வியாதி வந்தது என்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேலானது.

நிற்க, பாம்பின் விஷயத்துக்கு வருவோம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நமது நாட்டுப் பேச்சு. இந்த நடுக்கம் பிறவியா, பழக்கமா? இதை விஞ்ஞானிகள் வாயால் வாதம் செய்துகொண்டிராமல் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1980களில் அமெரிக்காவில் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளிடம் பாம்பைக் காட்டினார்கள், அவை பயப்படவில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு ஒன்று பாம்பைக் கண்டு அலறுவதை அவற்றிற்குக் காட்டினார்கள். அதைப் பார்த்த சிறிது நேரத்திற்குள் அவையும் பயப்படக் கற்றுக்கொண்டன. பிறகு ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரு குரங்கு பூவைக் கண்டு அலறுவதுபோல் படத்தை வெட்டி ஒட்டிக் காட்டினார்கள். அதைப் பார்த்த குரங்குகள் பூவுக்குப் பயப்படக் கற்றுக்கொள்ளவே இல்லை. 2017இல் ஐரோப்பாவில் ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பாம்பின் படத்தையும் மீனின் படத்தையும் காட்டிப் பார்த்ததில், பாம்பைக் கண்டபோது குழந்தைகளின் கண்மணி அதிகமாய் விரிந்தது என்று கண்டார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? பாம்புக்குப் பயப்படும்படியான ஆயத்தம் பிறவியில் இருக்கிறது. ஆனால் பயம் முழுசாய் வளர்வதற்குக் கற்பிப்பவர் வேண்டியிருக்கிறது. பரிணாமம் நிலத்தைப் பண்படுத்தி வைத்திருக்கிறது. விதைப்பவர் அண்டை அயலார். இதுதான் அந்தக் கொள்கையின் பயன். இதற்கு நாம் நன்றி செலுத்துகின்றோம்.

இனி அதன் எல்லையைப் பார்ப்போம். ஒரே பயம்தான் எல்லா மனிதருக்கும் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஒருவன் பாம்பைக் கண்டால் ஓடுகிறான். ஒருவன் தடி எடுத்து அடித்துக் கொல்லுகிறான். ஒருவன் புற்றுக்குப் பால் ஊற்றிக் கும்பிடுகிறான்; பாலோ பாம்பின் ஆகாரமே அல்ல. மாமல்லபுரத்துப் பெரும்பாறையின் நடுப் பிளவில் நாக ராஜாவையும் நாக ராணியையும் கைகூப்ப வைத்துச் செதுக்கியிருக்கிறான் ஒருவன். இன்னொருவன் அதே பாம்பை உயிரோடு பிடித்து, விஷத்தை எடுத்து, அதனால் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றுகிறான். பயம் ஒன்று, காரியம் ஐந்து. இந்த ஐந்துக்கும் உள்ள பேதத்தை இரத்தத்தில் தேடினால் கிடைக்குமா? அவரவர்க்குக் கிடைத்த போதனையிலும் பிழைப்பிலும் தேடினால்தான் கிடைக்கும்.

இருளர் சரித்திரமே இதற்குச் சாட்சி. பாம்புத் தோல் வியாபாரம் நடந்த காலத்தில் இவர்கள் பாம்பைப் பிடித்துக் கொன்று தோலை விற்றுப் பிழைத்தார்கள். 1972இல் காட்டு விலங்குகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. பிறகு தோல் வியாபாரம் ஒழிந்தது. இவர்கள் பட்டினிக்கு ஆளானார்கள். 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மாமல்லபுரத்திற்கு வடக்கே கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணையை ஒட்டி அது இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரங்கள் பானையில் வைத்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக் கடி மருந்து செய்வதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இச்சங்கத்திலிருந்துதான் நெடுங்காலமாய்ப் போயிருக்கிறது. ஆறே வருஷத்துக்குள் கொல்லுகிறவர் காப்பாற்றுகிறவர் ஆனார். இடையில் இரத்தம் மாறிற்றா? சட்டம் மாறிற்று, சங்கம் ஏற்பட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லுவோம். 2017இல் இருளர்களாகிய மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் அமெரிக்காவில் பிளாரிடா நாட்டுச் சதுப்பு நிலத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அங்கே பரவித் தொல்லை கொடுத்த பர்மா மலைப் பாம்புகளைப் பிடிக்கத்தான் அந்த அழைப்பு. அந்த நாடும் அந்தச் சதுப்பும் இவர்கள் கண்டறியாதவை. அப்படியிருந்தும் முதல் எட்டு நாளைக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று 16 அடி நீளம். தடம் பார்ப்பது, எச்சம் பார்ப்பது, வெயிலுக்கு எங்கே வரும் என்று யோசிப்பது ஆகிய இவையெல்லாம் வாத்தியாரில்லாத பள்ளிக்கூடத்தில் அப்பனும் பாட்டனும் கற்றுக் கொடுத்த பாடம். கற்ற பாடமாயிருந்ததால்தான் புது நாட்டில், புதுப் பாம்புக்கு ஏற்றபடி அதை மாற்றி உபயோகிக்க முடிந்தது. 2023இல் இருவருக்கும் இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. ஒரு சர்வகலாசாலைப் பட்டதாரி எவ்வளவு படித்துத் தேறினாரோ, அதற்குக் குறையாமல் படித்துத் தேறியவர்கள் இவர்கள். அதை "இரத்தம்" என்று சொல்லிவிட்டால் அவர்கள் பட்ட பாட்டையெல்லாம் திருடிவிட்டோம் என்றே அர்த்தம். நாம் மேடையில் செய்த புகழ்ச்சி அப்படிப்பட்ட திருட்டுத்தான்.

புகழ்ச்சியாக இருந்தால் மோசமில்லை என்று சிலர் நினைக்கலாம். ஆனால், "பாம்பு பிடிப்பது இவன் இரத்தத்தில் இருக்கிறது" என்ற வாக்கியத்தை ஒப்புக்கொண்டவன், "திருடுவது அவன் இரத்தத்தில் இருக்கிறது" என்ற வாக்கியத்தை எப்படி மறுப்பான்? இது வீண் பயமல்ல, நடந்த சங்கதி. மனிதன் எல்லாரும் ஒரே வழி வந்தவர்கள் என்று டார்வின் எழுதிய அதே 1871இல்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் இந்தியாவில் செய்யப்பட்டது. இந்த நாட்டில் தச்சன் மகன் தச்சனாவதைப் போலக் களவும் ஜாதித் தொழிலாகப் பரம்பரையாய் வருகிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட சமாதானம். இந்த வாதம் டார்வினிடமிருந்து வந்ததல்ல என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வருணாச்சிரமத்தின் சரக்கையே வெள்ளைக்காரன் கடன் வாங்கிச் சட்டப் புத்தகத்தில் அச்சடித்தான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குற்றத்திற்காகக் கைரேகை கொடுத்து, இரவில் போலீஸாரிடம் ஆஜர் சொல்ல வேண்டிய நிலைக்குக் குடும்பங்கள் ஆளாயின. அதை எதிர்த்த மதுரைச் சீமை பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3ந் தேதி துப்பாக்கிக்குப் பலியானார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது.

அதே காலத்தில், ரிஸ்லி என்ற அதிகாரி மூக்கின் அகலத்தைக் கருவியால் அளந்து, மூக்கு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு உயர்ந்த ஜாதி என்று கணக்குப் போட்டார். சென்னைப் பொருட்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த தர்ஸ்டனும் அளவு கருவிகளைத் தூக்கிக்கொண்டு தென்னாடு முழுவதும் அளந்தார். இன்று அந்த அளவுகளை எந்த விஞ்ஞானியும் ஜாதி உயர்வுக்கு ஆதாரமாய்க் காட்டமாட்டார். அதற்கு மாறாக, நமது மரபணுக்களை ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவு என்னவென்றால், சுமார் 4,200 வருஷம் முதல் 1,900 வருஷம் வரைக்கும் முன்பு இந்நாட்டு மக்கள் தாராளமாய் ஒருவரோடொருவர் கலந்திருந்தார்கள், அதற்குப் பிறகே ஜாதிக்குள் மாத்திரம் மணம் என்ற வேலி வந்தது என்பதாகும். 3 லட்சம் வருஷத்து மனிதனுக்கு 2,000 வருஷத்து வேலி எப்படி இயற்கையாகும்? அந்த வேலி, போட்டவனுடைய காரியமேயல்லாமல் பரிணாமத்தின் காரியமல்ல.

பெண்கள் விஷயமும் இப்படித்தான். அடுப்படிதான் பெண்ணின் இயற்கை, பரிணாமமே அப்படிப் பிரித்து வைத்தது என்று படித்தவர்களே இன்று பேசுகிறார்கள். 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் சவுந்தரபாண்டியன் தலைமையில் நமது செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டில் பெண்களுக்கு ஆண்களைப் போல் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோதும், இயற்கைக்கு விரோதம் என்ற கூக்குரல் இல்லாமலில்லை. அறுபது வருஷம் கழித்து, 1989இல், தமிழ்நாட்டுச் சட்டம் பிதிரார்ஜிதத்தில் மகளுக்கும் பங்கு கொடுத்தது. இந்தியாவில் 1901இல் நூற்றுக்கு ஒரு பெண்ணுக்குக்கூடப் படிக்கத் தெரியாது. 2011இல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 73 பேர் படித்தவர்கள். 1971இல் தமிழ்நாட்டில் ஒரு தாய்க்கு ஏறக்குறைய நான்கு குழந்தை. 2019-21 கணக்கில் இரண்டுக்கும் குறைவு. சந்ததியைப் பெருக்குவதே ஜீவனின் ஒரே நோக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர் இந்தக் கணக்குக்கு என்ன சொல்வார்? மூன்று நான்கு தலைமுறைக்குள் ஒரு ஜனத்தின் மரபணு மாறிவிடாது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சட்டமும் வந்தன, நடத்தை மாறிற்று.

ஆகவே, இனி எவரேனும் "இது இரத்தத்தில் இருக்கிறது", "இது பரிணாமம்" என்று சொன்னால் நமது தோழர்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டுமென்று யோசனை சொல்லுகின்றோம்.

ஒன்று: இது எல்லா மனிதருக்கும் உண்டா, அல்லது ஒரு கூட்டத்தாருக்கு மாத்திரமா? பாம்பைக் கண்டால் திடுக்கிடுவது எல்லாருக்கும் உண்டு. அதைப் பரிணாமத்தால் விளக்கப் பார்க்கலாம். ஒரு கூட்டத்தாருக்கு மாத்திரம் உள்ள தொழிலானால் முதலில் அவர்களுடைய நிலத்தையும் கூலியையும் கடனையும் விசாரிக்க வேண்டும்.

இரண்டு: சட்டமோ படிப்போ மாறினால், இரண்டொரு தலைமுறையில் இது மாறுகிறதா? மாறுகிறதென்றால் அது இரத்தமல்ல.

மூன்று: எதைக் காட்டினால் நீர் சொல்வது தப்பென்று ஒப்புக்கொள்வீர்? குரங்குகளைச் சோதித்தவர்கள் பூவையும் காட்டிச் சோதித்தார்கள்; பூவுக்கும் பயந்திருந்தால் தங்கள் கொள்கை விழுந்துவிடும் என்று தெரிந்தே செய்தார்கள். அதுதான் விஞ்ஞானம். ஆண் கோபித்தாலும் பரிணாமம், பொறுத்தாலும் பரிணாமம், கொடுத்தாலும் பரிணாமம், கெடுத்தாலும் பரிணாமம் என்று எதற்கும் ஒரு கதை கட்டுபவர், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பஞ்சாங்கத்தில் அதற்கு ஆதாரம் காட்டுகிற ஜோசியருக்கு அண்ணன்.

அப்படியானால் பிறவியில் வருவது ஒன்றுமேயில்லை என்கிறீரா என்று கேட்கலாம். அப்படிச் சொல்வதும் மூடத்தனம். நிறமும் உயரமும் பல நோய்களும் பிறவியில் வருகின்றன. நீலகிரிப் பழங்குடிகளிடம் 1952இல் கண்டுபிடிக்கப்பட்ட அரிவாள் செல் இரத்தக் கூறு, மலேரியா உள்ள இடங்களில் உயிரைக் காப்பதால் நிலைத்தது என்பது பரிணாமக் கொள்கை தெளிவாய் விளக்கிய உண்மை. அதைத் தெரிந்துகொண்டால் வைத்தியம் செய்யலாம். எந்த அறிவால் மனிதனுக்கு வைத்தியம் செய்யலாமோ அந்த அறிவு நமக்கு வேண்டும். எந்தப் பேச்சால் மனிதனைக் கட்டிப்போடலாமோ அந்தப் பேச்சு எந்தச் சட்டை போட்டு வந்தாலும் வேண்டாம்.

அன்றியும், ஒரு காரியம் இயற்கை என்பதாலேயே நியாயமாகிவிடாது. பாம்புக் கடி விஷம் ஏறுவது இயற்கை. மருந்து ஏற்றுவது செயற்கை. இந்தியாவில் வருஷத்திற்கு ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பாம்புக் கடியால் சாகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இயற்கையே நியாயமென்றால் வடநெம்மேலிச் சங்கத்தை மூடிவிட வேண்டியதுதான்.

மனிதனுக்குப் பரிணாமம் கொடுத்த மிகப் பெரிய சொத்து எதுவென்று கேட்டால், அவன் எதையும் பழகிக்கொள்ளக்கூடியவன் என்பதே. தேனீக்கு அதன் வேலையைப் பெரும்பாலும் பிறவியே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. மனிதக் குழந்தையோ பத்துப் பதினைந்து வருஷம் பிறரைப் பார்த்துக் கற்றுக்கொண்டே வளர்கிறது. எந்தத் தொழிலும் எழுதப்படாமல், எந்தத் தொழிலையும் எழுதிக்கொள்ளக்கூடிய வெள்ளைப் பலகையாக முழுவதும் இல்லாவிட்டாலும், இருளப் பிள்ளையின் பலகைக்கும் ஐயர் வீட்டுப் பிள்ளையின் பலகைக்கும் வித்தியாசமில்லை. எழுதுகோல் யார் கையில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இனி அந்தப் பையனைப் பற்றி. அவன் பள்ளிக்கூடம் வராததற்குக் காரணம் செங்கல் சூளை முன்பணம். முன்பணத்திற்காக ஒரு குடும்பத்தைக் கட்டிவைத்து வேலை வாங்குவது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனும் சட்டப்படி செல்லாது. இருளருக்குப் பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கொடுக்க வேண்டும். அதற்காக வருஷக்கணக்காய் நடப்பவர்கள் நமது ஜில்லாவில் உண்டு. ஜாதியை ஒழிக்கச் சொல்லும் நாம் ஜாதிச் சான்றிதழுக்காக அலைவதா என்று எந்தத் தோழரும் வெட்கப்பட வேண்டியதில்லை. நோய் இருக்கும்வரை மருந்துச் சீட்டும் வேண்டும்.

பெரியவரோடும் நமது தோழர்கள் இருவரோடும் நாம் அந்தச் சூளைக்குப் போகத் தீர்மானித்திருக்கிறோம். வேண்டியிருந்தால் கலெக்டரிடமும் போவோம். அந்தப் படித்த இளைஞரையும் கூட வரும்படி கேட்டிருக்கிறோம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அந்தப் பையன் பெஞ்சியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் பெரியவனாகி எது ஆனாலும் ஆகட்டும். பாட்டனைப் போலப் பாம்பு பிடிக்கத்தான் ஆசையென்றால் அதையும் செய்யட்டும். ஆனால் அது அவன் தேர்ந்தெடுத்த தொழிலாயிருக்க வேண்டும்.

அடுத்த முறை அதே தெருமுனையில் டார்வினைப் பற்றிப் பேசுவோம். கடைசி வார்த்தையை மாத்திரம் அந்தப் பெரியவரைச் சொல்லச் சொல்லுவோம்.